இறங்கும்போதுதான் குளிரும்

கொல்லிமலைக்கு சைக்கிளில் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஏறும்போது மூச்சு வாங்கலையா?" இரண்டாவது, "உனக்கு வேற வேலை இல்லையா?" இந்த இரண்டாவது கேள்வி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும்.

"இறங்கும்போது எப்படி இருந்தது?" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. இறக்கம் என்றால் இலவசம் என்று நினைப்பு. நான் பி.காம். படித்தவன். எந்த லெட்ஜரிலும் இலவசம் என்று ஒரு தலைப்பைப் பார்த்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். காரவல்லி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். உயரக் கணக்கில் ஏறக்குறைய 1000 மீட்டர். நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ. இந்தச் சுமையை அவ்வளவு தூரம் தூக்க உடம்பு செலவழிப்பது சுமார் 900 கலோரி. அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு சூடாக வெளியேறிவிடுகிறது. அதாவது, ஏறும்போது நீங்கள் ஒரு நடமாடும் அடுப்பு. கார்த்திகை மழை கொட்டினாலும் குளிராது. முப்பதாவது வளைவில் சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று இருக்கும்.

இறங்க ஆரம்பித்ததும் அடுப்பு அணைந்துவிடுகிறது. காலுக்கு வேலை இல்லை. உடம்பெல்லாம் ஈரம். எதிரே மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று. ஃபேனுக்குக் கீழே காயப்போட்ட துண்டு மாதிரி ஆகிவிடுகிறோம். பனி பெய்ய வேண்டாம், இமயமலைக்குப் போக வேண்டாம். 12, 13 டிகிரியும் மழையும் காற்றும் கூட்டுச் சேர்ந்தால் போதும். உடம்பின் உள்சூடு 37 டிகிரியிலிருந்து இறங்கி 35-க்குக் கீழே போய்விட்டால் டாக்டர்கள் அதை 'ஹைப்போதெர்மியா' என்கிறார்கள். நம் ஊரில் 'விறைச்சுப் போயிட்டான்' என்று முடித்துவிடுவார்கள்.

பிரேக் வேறு இருக்கிறது. ஈரமான ரிம்மில் ரப்பர் கட்டை முதலில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கவே ஆரம்பிக்கும். பழைய காலத்து முலாம் பூசிய இரும்பு ரிம் என்றால் கேட்கவே வேண்டாம், பிரேக்கைப் பிடித்துவிட்டு முருகா என்று கூப்பிடுகிற அளவுக்கு அவகாசம் கிடைக்கும். அலுமினிய ரிம் தேவலை. இப்போது வருகிற டிஸ்க் பிரேக் இன்னும் தேவலை. ஆனால் எந்த பிரேக்காக இருந்தாலும் அழுத்த விரல் வேண்டுமே? முதலில் விறைப்பது அந்த விரல்தான்.

இந்த விஷயத்தில் என் குலதெய்வம் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் அட்லஸும் பரிசாகக் கிடைத்தன. சைக்கிளிலேயே இந்தியா போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். கிளம்பியது 1963 ஜனவரியில். ஐரோப்பாவே பல வருடம் காணாத பனிக்காலம் அது. வழியில் ரிப்பேர் வரும் என்று கியரைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பியவர், அதே வருடம் ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். 2022-ல் தொண்ணூறு வயதில் இறந்தார். அவருடைய வீரத்தைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. யூகோஸ்லாவியாவில் பனி தாங்க முடியாமல் போனபோது பேசாமல் ஒரு லாரியில் ஏறிக்கொண்டார். இந்தத் தகவல் எனக்கு ஒருநாள் உதவியது.

என்னோடு கொல்லிமலைக்கு வந்தவன் கல்லூரி நண்பன், வங்கியில் வேலை. பத்து நம்பரை மனசுக்குள்ளேயே கூட்டுவான். மறுநாள் ஆடிட் என்பதால் அன்றைக்கே இறங்கியாக வேண்டும். ஏறும்போது 70 வளைவுக்கும் ரெயின்கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டு மூடிக்கொண்டே வந்தான். மழை உள்ளே போகவில்லை, வாஸ்தவம். வேர்வையும் வெளியே போகவில்லை. செம்மேட்டில் சாப்பிட்டு முடித்ததும் நான் பையிலிருந்து உலர்ந்த பனியன், ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் நடுவில் அன்றைய தினசரியை மடித்துச் செருகினேன். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. டூர் டி ஃபிரான்ஸ் பந்தய வீரர்கள் மலை உச்சியில் பேப்பர் வாங்கி நெஞ்சில் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். (வாரப்பத்திரிகை இதற்கு ஆகாது, வழுக்கும். ஆசிரியர் மன்னிக்கவும்.) கைக்கு முன்னெல்லாம் பாலிதீன் பையை மாட்டிக்கொள்வோம். 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. மஞ்சப்பையைக் கையில் மாட்டினால் குளிர் போகாது, மொய் எழுதப் போகிறவன் மாதிரி இருக்கும்.

"நீயும் மாத்திக்கடா" என்றேன்.

"நான் நனையவே இல்லையே, கோட்டு போட்டிருக்கேன்ல?"

இறக்கத்தில் வளைவுகளை அவன்தான் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தான். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு... மேகம் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. பல் கிட்டுகிற சத்தத்தோடு அறுபத்திரண்டு சொன்னவன், அடுத்த வளைவுக்கு அறுபத்து மூன்று என்றான். அதற்கடுத்து ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கத்தி நிறுத்தினேன். காலை ஊன்றினான், அவ்வளவுதான். கை ஹேண்டில்பாரை விட்டு வரவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன்.

"எழுபதுல ஒன்பது போனா எவ்வளவுடா?"

யோசித்தான். எதையோ முனகினான். பி.காமில் என்னைவிட இருபது மார்க் கூட வாங்கியவன்.

நடுக்கம் இருக்கிறவரைக்கும் உடம்பு போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூடே ஏறாமல் நடுக்கம் மட்டும் நின்றுபோனால்தான் ஆபத்து. அவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அந்த இடத்தில் வீடு இல்லை, கடை இல்லை. பத்து நிமிஷம் கழித்து வாழைத்தார் ஏற்றிய ஒரு வேன் மேலேயிருந்து வந்தது. குறுக்கே போய் நின்றேன்.

"நான்... சைக்கிள்லயே... வர்றேன்" என்றான் நண்பன். ரோஷம் மட்டும் விறைக்கவில்லை.

"டெர்வ்லா மர்ஃபியே லாரியில ஏறினாங்கடா!"

"யாருங்ணா அது?" என்றார் டிரைவர். "முதல்ல அவரை உள்ள ஏத்துங்க."

ஈரத்தையெல்லாம் கழற்றிவிட்டு டிரைவரின் லுங்கியையும் கம்பளியையும் சுற்றி இன்ஜின் பக்கமாக உட்கார வைத்தோம். "ஒரு குவார்ட்டர் உள்ள போனா சரியாயிடும்ணா" என்றான் கிளீனர் பையன், நல்லெண்ணத்தில்தான். வேண்டவே வேண்டாம் என்றேன். சாராயம் ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கிற சூட்டையும் வெளியே அனுப்பிவிடும். கதகதப்பாக இருக்கிற மாதிரி ஒரு பிரமைதான் மிஞ்சும். பரபரவென்று கைகால் தேய்ப்பதும் கூடாது. உலர்ந்த துணி, போர்வை, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பது, இவ்வளவுதான் வைத்தியம். அதற்கும் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

சைக்கிள்கள் வாழைத்தார் மேலே படுத்துக்கொண்டு வந்தன. "காய் நசுங்கினா நீங்கதான் வாங்கிக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார் டிரைவர். அடிவாரத்து டீக்கடையில் நண்பன் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மூன்று டீ குடித்தான். முகத்தில் மெல்ல ரத்தம் வந்தது. டிரைவர் காசு வாங்க மாட்டேன் என்றார். நசுங்கிய ஒரு சீப்பை மட்டும் எங்கள் தலையில் கட்டினார்.

நாலாவது டீக்குக் கையை நீட்டியபோது நண்பன் திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அறுபத்தொண்ணுடா" என்றான்.