கிளட்சை மிதித்தால் ‘கர்ர்’ சத்தம்: கிரீஸ் அடித்தால் தீருமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 25 ஆண்டு பழைய டிராக்டர். கிளட்ச் பெடலை மிதித்தால் ‘கர்ர்’ என்று சத்தம் வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மெக்கானிக் வண்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வயல்காரர், மூடியைத் திறந்து நிறைய கிரீஸ் அடித்தால் போதும் என்கிறார். இன்னும் பத்து நாளில் சேற்றுழவு. சொந்த நிலம் 3 ஏக்கர்தான். வாடகை உழவை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைத்தான் காட்டுகிறது. பெடலை மிதிக்கும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துவது இந்த பேரிங்தான். காலை எடுத்ததும் அது விலகி ஓய்வெடுக்க வேண்டும். கிரீஸ் வறண்டால் மிதிக்கும்போது மட்டும் கத்தும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். பெடலை லேசாக அழுத்தியதுமே சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். மாறாக, காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றால் பழுது கியர் பாக்ஸ் முன் ஷாஃப்ட் பேரிங்கில் இருக்கலாம். அதற்கு இங்கே கிரீஸ் அடித்துப் பயனில்லை.

அடுத்து, பெடலின் ஃபிரீ பிளேயைப் பாருங்கள். கையால் அழுத்தினால் பெடல் சிறிது தூரம் தளர்வாக இறங்கி, அதன் பிறகே கனக்க வேண்டும். பல பழைய டிராக்டர்களில் இது முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. கிளட்ச் பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறையும். தளர்வே இல்லையென்றால் பேரிங் ஓய்வில்லாமல் சுற்றிச் சூடேறும். லிங்க் ராடில் சரிசெய்ய இது சிறிய வேலைதான்.

இனி கிரீஸுக்கு வருவோம். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது உள்ளே கை விடவே கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும்.

1. பேரிங் தாங்கியில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் லித்தியம் கிரீஸை ஒன்றிரண்டு அடி மட்டும் அடியுங்கள். பிதுங்கி வந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

2. நிப்பிள் இல்லாத, மூடிய வகை பேரிங் என்றால் வெளியிலிருந்து கிரீஸ் உள்ளே போகாது. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் உள்ளே இருக்கும் கிரீஸும் கரைந்து போகும். சத்தம் வந்தால் மாற்றுவதே வழி.

3. சில பழைய வண்டிகளில் பேரிங்குக்குப் பதில் கார்பன் வளையம் இருக்கும். அதற்குக் கிரீஸே கூடாது.

பக்கத்து வயல்காரர் சொன்னபடி ‘நிறைய’ அடித்தால் என்ன ஆகும்? சுற்றும் வேகத்தில் கிரீஸ் தெறித்து கிளட்ச் பிளேட்டில் படும். பிறகு சேற்றில் இழுக்கும்போது இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது. கிரீஸ் ஊறிய பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

பெடல் ஷாஃப்டில் உள்ள நிப்பிள்களையும் மறக்காதீர்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை இருக்கும். சேறு அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அங்கே எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல் போயிருக்கிறது என்று பொருள்.

உங்கள் பத்து நாள் கணக்குக்கு என் யோசனை இது. தளர்வைச் சரிசெய்து, நிப்பிள் இருந்தால் கிரீஸும் அடித்த பிறகு சத்தம் நின்றால், சீசனை ஓட்டலாம். தினமும் காலையில் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் நிற்காமல் அரைத்தாலோ, பெடல் காலில் அதிர்ந்தாலோ, கியர் விழச் சிரமப்பட்டாலோ வயலில் இறக்காதீர்கள். பேரிங் இறுகினால் பிரஷர் பிளேட்டின் விரல்களையும் அறுத்துவிடும். கிளட்ச் விடாத வண்டி ஆளுக்கும் ஆபத்து. அந்த நிலையில் மெக்கானிக் சொல்வதே சரி. இந்தப் பத்து நாளுக்குள்ளேயே பிரித்துவிடுங்கள்.

பிரிப்பதற்குத்தான் கூலி அதிகம். அதனால் திறந்த கையோடு கிளட்ச் பிளேட், ஃபிளைவீலில் உள்ள பைலட் பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிடுங்கள். வேலை முடியத் தாமதமானால், உங்கள் 3 ஏக்கருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

கடைசியாக ஒன்று: ஓட்டும்போது கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வாடகை உழவுக்கு வேறு ஓட்டுநர் போனால் அவரிடமும் சொல்லி வையுங்கள். வேலை முடிந்ததும் கால் கீழே இருக்கட்டும். பேரிங் கூடுதல் நாள் உழைக்கும்.