பனியனும் பனிக்கரடியும்

சென்ற மாதம் திருப்பூரில் ஒரு நண்பரின் பிரிண்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். ஐரோப்பாவுக்குப் போகவிருக்கும் குழந்தைச் சட்டை ஒன்று சாம்பிளாக மேஜைமேல் கிடந்தது. அதன் மார்பில் ஒரு பனிப்பாறை. அதன்மீது வெள்ளைக் கரடியும் பென்குவினும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றன. 'எங்களைக் காப்பாற்றுங்கள்' என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள்.

"இவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாதே! கரடி வட துருவத்துப் பிராணி. பென்குவின் தென்கோடியில் அல்லவா இருக்கிறது?" என்றேன்.

நண்பர் சிரித்தார். "பையர் அனுப்புன டிசைனுங்க. வாங்கறவங்களே கேக்கறதில்லீங்க. நமக்கு என்னத்துக்குங்க அந்த வம்பு?"

சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருந்தது. அத்தனையும் பாலியெஸ்டர்.

'நமக்கென்ன வம்பு' என்ற அந்த வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான், விஞ்ஞானி அல்ல. ஆனால் துவைத்த தண்ணீர் எங்கேயோ போய்த்தான் சேரும் என்பதை அறிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. திருப்பூர்க்காரனுக்கு அது நன்றாகவே தெரியும். 1992இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டினோம். அதில் தேங்கியது சாயத் தண்ணீர். அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடும் விபரீதம் உலகத்தில் வேறெங்கு நடந்திருக்கும்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் நமக்குப் புத்தி வந்தது.

சாயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே ஊர் கூச்சலிட்டது. இப்போது நான் சொல்லும் சமாசாரம் கண்ணுக்குத் தெரியாது. பாலியெஸ்டர் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அதிலிருந்து நுண்ணிய இழைகள் உதிர்கின்றன. அவை சாக்கடை வழியாக ஆற்றுக்கும், ஆற்றின் வழியாகக் கடலுக்கும் போகின்றன. நார்வேயிலிருந்து கனடா வரை, வட துருவம் உட்பட, ஆர்க்டிக் கடலில் 71 இடங்களில் நீரெடுத்துச் சோதித்த ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. அங்கே கிடைத்த நுண்பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு 92 பங்கு செயற்கை இழைகள். அந்த இழைகளில் 73 பங்கு பாலியெஸ்டர். அட்லாண்டிக் நீர் நுழையும் கிழக்குப் பகுதியில் மேற்கைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு! ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் துவைத்த துணிதான் அங்கே போயிருக்கிறது. அந்த வீடுகளுக்குத் துணி தைத்து அனுப்புகிறவர்கள் யார்? இழையில் ஊர்ப் பெயர் ஒட்டியிருப்பதில்லை என்பதால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

தென்கோடியும் தப்பவில்லை. அண்டார்டிகாவில் ராஸ் தீவுப் பக்கம் 19 இடங்களில் எடுத்த பனி அத்தனையிலும் நுண்பிளாஸ்டிக் இருந்ததை 2022இல் அறிவித்தார்கள். சட்டைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஆகிற அதே பொருள்தான் அதில் அதிகம்.

அங்கே என்ன இருக்கிறது, வெறும் பனிதானே என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்கட்டும். கடற்பனியின் அடிப்புறத்தில் பாசி படர்கிறது. அதை மேய்கிறது கிரில் என்ற, விரல் நீளம்கூட இல்லாத இறால் போன்ற ஜீவன். பென்குவினும் நீலத் திமிங்கலமும் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. நண்டுண்ணி என்று பெயர் வாங்கிய சீல்கூட நண்டைத் தொடுவதில்லை, கிரில்லைத்தான் தின்கிறது. ரத்தத்தில் சிவப்பே இல்லாத மீன்களும் அந்தக் கடலில் உண்டு. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு உலை வைக்கும் அந்தச் சிறு ஜீவன், விழுங்கிய பிளாஸ்டிக்கை வயிற்றில் இன்னும் பொடிப்பொடியாக அரைத்துவிடுகிறது என்று 2018இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள்.

துணிக்கும் துருவத்துக்கும் உறவு புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகள் நம் வங்காளத்துச் சணலை மிருதுவாக்கத் திமிங்கல எண்ணெயைத் தடவின. அதற்காக ஆர்க்டிக்கில் திமிங்கலங்களைக் கொன்று குவித்தார்கள். அன்று கடலிலிருந்து எடுத்தார்கள். இன்று கடலில் கொட்டுகிறோம்.

"பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணிடம் போய்ப் பென்குவினைப் பற்றிப் பேசுகிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பெண்ணிடம் நான் பேசவில்லை. கரடியின் படத்தைப் போட்டு விற்றுவிட்டு, ஒரு சட்டைக்கு நாலணா கூடக் கேட்டால் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுகிற பையரிடம் பேசுகிறேன். அந்த மிரட்டலுக்குத் தலையாட்டுகிற நம் முதலாளிகளிடம் பேசுகிறேன். பழைய பாட்டிலை உருக்கி நெய்த துணி என்று பெருமையடிப்பவர்களிடமும் பேசுகிறேன். குப்பை குறைவது நல்லதுதான். ஆனால் பாட்டிலிலிருந்து வந்தாலும் பாலியெஸ்டர் பாலியெஸ்டர்தானே? அதுவும் உதிரத்தான் செய்யும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1983இல் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். மைத்ரி, பாரதி என்று அங்கே நிலையங்கள் வைத்திருக்கிறோம். 2022இல் சட்டமே இயற்றினோம். அனுமதியில்லாமல் அங்குள்ள பறவையையோ சீலையோ தொந்தரவு செய்தால் குற்றம். மெத்தச் சரி. நம் நூலிழைக்கு மட்டும் எந்த அனுமதியும் வேண்டாமா?

செய்ய முடியாத காரியத்தை நான் சொல்லவில்லை. புதுத் துணியில் முதல் சில துவைப்புகளில்தான் இழை அதிகமாக உதிர்கிறது. அந்தத் துவைப்பை இங்கேயே செய்து, நீரை வடிகட்டி, இழையைப் பிடித்துக்கொண்டு அனுப்பலாம். சாயத் தண்ணீரையே சுத்திகரித்து மறுபடி உபயோகிக்கக் கற்றுக்கொண்ட ஊருக்கு இது மலையைப் புரட்டும் வேலையல்ல. செலவைக் கரடி வியாபாரம் செய்கிற பையர் கொடுக்கட்டும். அதோடு, இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பருத்தியை விட்டுவிடாதிருப்போம். பருத்தி நாரும் உதிரும், ஆனால் மக்கும்.

கோர்ட்டு சொல்லித்தான் நொய்யலைத் திரும்பிப் பார்த்தோம். துருவத்துப் பிராணிகள் எந்தக் கோர்ட்டில் போய் வழக்குப் போடும்? அவற்றின் படத்தை மார்பில் அச்சடித்துக் காசு வாங்குகிற நாமாவது, யாரும் சொல்லாமலே ஒரு முறை செய்து காட்டக் கூடாதா?