துபாய்க்கு விசிட் விசாவில் வேலைக்குப் போகலாமா?
ஏஜெண்டு பேச்சில் மயங்கினால் ஆபத்து!

சென்னை,

"தம்பி, முதல்ல விசிட் விசாவில் போய் இறங்கு. வேலை விசாவை அங்கே மாத்திக்கலாம்!"

துபாய் கனவில் மிதக்கும் வாலிபர்களிடம் சில ஏஜெண்டுகள் விரிக்கும் வலை இது.

குறுக்கு வழி ஏன்?

10-ம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டு 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. இவர்கள் வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ம் ஆண்டு சட்டப்படி மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்கணும். அதற்கு வேலை ஒப்பந்தம் காட்டணும், இன்சூரன்சும் எடுக்கணும்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவை இல்லை. இந்தச் சந்தில்தான் ஏஜெண்டு புகுந்து விளையாடுகிறார்.

நஷ்டம் யாருக்கு?

விசிட் விசாவில் வேலை பார்ப்பது ஐக்கிய அரபு நாட்டில் சட்ட விரோதம். கெடு தாண்டித் தங்கினால் நாள் ஒன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். 2024-ல் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொது மன்னிப்பு கொடுத்தார்கள். அதை நம்பி விமானம் ஏற முடியுமா?

முதலாளி சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கப் பயம். கையில் ஒப்பந்தம் கிடையாது. அனுமதியோடு போனவருக்கு உள்ள ரூ.10 லட்சம் விபத்து இன்சூரன்சும் கிடையாது.

கட்டணம் எவ்வளவு?

பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கலாம் என்று அரசு விதித்துள்ள உச்சவரம்பு ரூ.30 ஆயிரம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டால் உஷாராகணும்.

அரசு கேட்கும் அந்தக் காகிதங்கள் வீண் தொல்லை அல்ல. கடல் கடந்தபின் தொழிலாளிக்குத் துணை அவைதான்!