வட்டிக்கு ஓய்வு இல்லை!

குளத்தூர், கீரனூர் பக்கமிருந்து திருச்சிக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்து முடித்த பிள்ளைகள் பலருக்கு, பட்டத்தோடு கூடவே வருவது கல்விக்கடன். ‘படிப்பு முடிந்து ஒரு வருஷம் கட்ட வேண்டாம்’ என்பதை நம்பி அதை மறந்துவிடாதீர்கள். ஓய்வு தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை.

4 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி என்றால், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 40,000 ரூபாய். அது அசலோடு சேர்ந்த பிறகுதான் தவணை தொடங்கும். வேலை கிடைத்ததும் வட்டியையாவது மாதாமாதம் கட்டுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தகுதியான படிப்புகளுக்கு இந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. உங்கள் கணக்கில் மானியம் வரவாகியிருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள்.

வேலை கிடைக்கவில்லையா? வங்கியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்காமல், நீங்களே போய் நிலைமையை எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக்கடன். பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறதே! அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும். நாளை தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டு அதே வங்கிக்குப் போகப்போவது அவர்தான்.