நொடித்துப்போனவர்களின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் கடன்பட்டவர்கள். விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள், தள்ளுவண்டி வியாபாரிகள், வேலை போன ஐ.டி. ஊழியர்கள், கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மூன்று குழுக்களில் கையெழுத்துப் போட்ட பெண்கள். அடமானம் வைக்க எதுவும் மிச்சமில்லாத நாளில் வாங்கிய கடன் எங்களுடையது. கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், குழுக்கடன், செல்போன் ஆப்பில் சில நிமிடத்தில் வந்து விழுந்த பணம், தண்டல், கைமாற்று. வாங்கியதை நாங்கள் மறுக்கவில்லை. இனி அடைக்க முடியாது என்பதை ஊரறியச் சொல்கிறோம். அப்படிச் சொல்கிறவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவைத் தட்டவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களைப் பற்றிச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொன்னது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் சட்டமன்றம் இன்னொரு மசோதாவை நிறைவேற்றியது. இவை அத்தனையும் எங்களுக்கு வேண்டும். ஆனால் இவை கடனை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கின்றன. கடன் எப்போது முடியும் என்று எதுவும் சொல்வதில்லை. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாண்டது. கந்துவட்டித் தடைச் சட்டம் அப்போதும் புத்தகத்தில் இருந்தது. எந்தக் கடனுக்கும் ஒரு முடிவு நாள் வேண்டும். இந்த இயக்கம் கேட்பது அதைத்தான்.

அந்த முடிவு நாளைத் தரக்கூடிய சட்டம் நூறு ஆண்டுக்கு மேலாக இங்கே இருக்கிறது. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்து, அதை அடைக்க வழியில்லாதவர் சார்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம்; சென்னையில் என்றால் உயர் நீதிமன்றத்தில். ஊர் இதை ஐ.பி. என்கிறது, மஞ்சள் நோட்டீஸ் என்கிறது. நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர் புதிதாக வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம்.

மனுவோடு இரண்டு அட்டவணைகள் வைக்க வேண்டும். ஒன்றில் கடன் கொடுத்தவர்களின் பெயர், விலாசம், தொகை. மற்றதில் நம் சொத்து. எங்களில் ஒருவர் அந்த இரண்டாவது அட்டவணையை எழுத உட்கார்ந்தார். தையல் மெஷின் ஒன்று, இரும்புக் கட்டில் ஒன்று, அரசு கொடுத்த மிக்சி, பாத்திரங்கள், தாலியில் கோத்த இரண்டு குண்டுமணி. அவ்வளவுதான் வந்தது. மெஷினை எழுத அவருக்குக் கை வரவில்லை, அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். எழுதுங்கள் அம்மா, எதையும் மறைக்கக் கூடாது என்று சொன்ன வக்கீல், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஜப்திக்கு உட்படாதது' என்று தன் கையால் குறித்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு தொழில் கருவியையும் சமையல் பாத்திரத்தையும் தாலியையும் காப்பாற்றுகிறது. பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்கிறது 56-ஆவது பிரிவு. வாசலில் வந்து உட்காரும் வசூல்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்வோம்.

ஊருக்கு மஞ்சள் நோட்டீஸ் மேல் ஒரு கசப்பு இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஊர்ப் பணத்தை டெபாசிட்டாக வாங்கி, வீட்டையும் நகையையும் மனைவி பெயருக்கும் மச்சான் பெயருக்கும் மாற்றிவிட்டு ஐ.பி. கொடுத்தவர்களை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. அவர்களிடம் சீட்டுக் கட்டி ஏமாந்த பலர் இன்று எங்களோடு நிற்கிறார்கள். அந்த மோசடிக்கு இந்த இயக்கத்தில் இடமில்லை. இரண்டு ஆண்டுக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை மீட்கவும், மறைத்தவரைச் சிறைக்கு அனுப்பவும் அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவுகள் உண்டு. அவற்றைக் கடுமையாகப் பயன்படுத்துங்கள் என்று முதலில் கேட்பவர்கள் நாங்களாக இருப்போம். ஏய்த்தவனின் பாவத்துக்காக நேர்மையாக நொடித்தவர் தலைகுனிந்து நடக்கத் தேவையில்லை. வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்துக்கே எதிரானது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது 1980-ல்.

நொடித்தவர் என்ற அறிவிப்போடு வேலை முடிந்தது என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் விடுவிப்பு ஆணை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகிவிடும், கடன் பழையபடி எழுந்து வரும். மிச்சமுள்ள சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேறவில்லை என்றால், அது நம் தவறால் நேர்ந்ததல்ல என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். நோய், வேலையிழப்பு, மூடிய கம்பெனி எதுவானாலும் காகிதத்தோடு காட்ட வேண்டும். வீட்டு அடமானத்தையும் நகைக் கடனையும் இந்த ஆணை தொடாது. அரசுக்குக் கட்ட வேண்டியதும் ஜீவனாம்சமும் மோசடியால் பட்ட கடனும் நிற்கும். இவற்றை மூடி மறைத்து ஆள் சேர்க்க மாட்டோம்.

2016-ல் புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. நிறுவனங்களுக்கான பகுதி அந்த டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. 2021-ல் வீடியோகான் வழக்கில் மும்பைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட திட்டத்தில், கடன் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூடத் தேறவில்லை. அந்தத் திட்டத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறகு ரத்து செய்தது என்பது வேறு விஷயம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை விட்டுக்கொடுப்பதைப் பற்றி ஒரு மேசையில் உட்கார்ந்து பேச முடிந்தது, அதுதான் எங்கள் கண்ணில் படுகிறது. சாதாரண ஆளுக்கான மூன்றாம் பகுதியில், 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் கதவு திறந்தது. தறிக்காரருக்கும் தையல்காரருக்கும் இன்னும் திறக்கவில்லை.

அந்தப் பகுதியில் 'புதிய தொடக்கம்' என்று ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. 180 நாள் யாரும் கடன் கேட்கக் கூடாது, அதன் முடிவில் தகுதியுள்ள கடன் தள்ளுபடி. நல்ல வழி. ஆனால் யாருக்கு? ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இருக்கக் கூடாது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டின் கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் ஆண்டுக்கு 180 நாள் உழைத்தாலே 60,480 ரூபாய் ஆகிறது. அரசே கணக்கிட்ட கூலிக்குப் பாதி ஆண்டு மண் சுமந்தவர், இந்தச் சட்டத்தின் கண்ணில் ஏழையில்லை!

ஆகவே மத்திய அரசிடம் கேட்கிறோம். மூன்றாம் பகுதியை எல்லாக் கடனாளிக்கும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். வரம்புகளை இன்றைய கூலிக்கும் இன்றைய குழுக்கடனுக்கும் ஏற்ப உயர்த்துங்கள். கல்விக் கடனை விலக்கி வைத்திருப்பதை நீக்குங்கள். வேலை கிடைக்காத பட்டதாரியின் கடனும் கடன்தான். மனுக்களைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப நினைக்காதீர்கள். சென்னை, கோவை, மதுரை என்று மூன்றே ஊர்களில் இருக்கும் தீர்ப்பாயத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற எங்களால் முடியாது. தாலுகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்பு நீதிமன்றமே இதைக் கேட்கட்டும்.

எல்லாவற்றையும்விட எங்களை வாட்டுவது ஜாமீன். குழுக்கடனின் சென்டர் மீட்டிங்கை அறிந்தவர்களுக்கு இது தெரியும். ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்களை எழுந்து போக விடுவதில்லை. பிள்ளை பள்ளியிலிருந்து வந்திருக்கும், உலை வைக்க வேண்டும், வசூலுக்கு வந்த தம்பி நோட்டை மூட மாட்டார். கடைசியில் லீடர் அக்கா தன் சுருக்குப் பையை அவிழ்ப்பார், அல்லது எல்லோரும் ஆளுக்கு நூறு போடுவார்கள். பணம் வராதவளை அன்று ஏசுகிறவள் பக்கத்து வீட்டுக்காரி. வசூல் செய்யும் வேலையை நம்மிடமே கொடுத்து, நம்மை நமக்கு எதிரியாக்கிய ஏற்பாடு இது. நொடிப்புச் சட்டமும் இங்கே கைவிடுகிறது: எனக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஆணை, எனக்காகக் கையெழுத்துப் போட்டவளை விடுவிக்காது. நான் தப்பினால் முழுச் சுமையும் அவள் தலையில். ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக அழுத பெண்களிடம் இதைச் செய்யச் சொல்ல எங்களால் இயலாது. குழுக்கடனில் ஒருவர் நொடித்தால் அவர் பங்கு அங்கேயே முடிய வேண்டும், மற்றவர் மேல் ஏறக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். திருத்தம் வரும்வரை ஜாமீன் போட்டவரைத் தனியே விட்டுவிட்டு எங்களில் யாரும் மனுப் போட மாட்டோம். அவருக்கும் அடைக்க வழியில்லை என்றால், அவருடைய மனுவையும் அதே நாளில், அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்வோம். வழி இருந்தால், அவர் கட்டும் தவணையில் பங்கெடுப்போம்.

சேர விரும்புகிறவர் கடன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நீதிமன்றக் காகிதம் இருந்தால் அது, ஆப் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கைமாற்றுக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் விடாமல் எழுதுங்கள். சிறியவர் என்பதற்காக அவரைப் பட்டியலிலிருந்து தவிர்ப்பது அவருக்குச் செய்யும் துரோகம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அதற்கான விண்ணப்பத்தை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் வைத்து நிரப்பித் தருவது எங்கள் முதல் வேலை.