சான்றிதழோடு கணக்கு முடியாது

அரசு மானியத்தில் ஆய்வு நிறுவனம் வாங்கிய கருவி வந்து சேர்ந்து, பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பிவிட்டால் அது நிறுவனத்தின் சொத்து, அரசு மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது என்கிறார்கள் சிலர். இதை ஏற்க முடியாது. அந்த நிதியாண்டில் பணம் உரிய நோக்கத்துக்குச் செலவானது என்பதற்குத்தான் சான்றிதழ் உறுதி. ஐந்தாண்டு கழித்துக் கருவி ஓடுகிறதா, உறை பிரிக்காமல் கிடக்கிறதா என்பதை அது சொல்லாது. அதனால்தான் இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நிலைச் சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன. மானியச் சொத்தை முன் அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ வேறு நோக்கத்துக்குத் திருப்பவோ கூடாது என்கின்றன. மக்களின் வரிப்பணத்தில் வந்த பொருளுக்கு இது மிகக் குறைந்த காவல்.

இந்தச் சரிபார்ப்பில் ஆய்வாளரின் நேரம் வீணாகிறது என்பது நியாயமான கவலைதான். ஆனால் சரிபார்ப்பு ஆய்வாளரின் தனிப்பட்ட கடமை அல்ல, நிறுவனத்தின் கடமை. பொறுப்பான கிடங்கு அலுவலரை நியமிக்காத நிர்வாகத்தின் குறையை விதியின் மேல் ஏற்றுகிறார்கள். பழுதான கருவியைக் கழிக்க அனுமதி வர மாதக்கணக்கில் ஆகிறது என்ற புகார் வலுவானது. அதற்குத் தீர்வு, பதில் தரக் காலவரம்பு விதிப்பது, அனுமதியையே ஒழிப்பதல்ல. சரிபார்ப்பால் ஆய்வுக்கும் பயன் உண்டு. 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளம், ஒரு நிறுவனத்தின் கருவியை வெளி ஆய்வாளர்களும் முன்பதிவு செய்து பயன்படுத்த வழிசெய்கிறது. எந்தக் கருவி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒழுங்கான பதிவேடு இல்லாமல் அந்தப் பகிர்வு எப்படி நடக்கும்? சிறு ஊர்க் கல்லூரியின் ஆய்வு மாணவருக்கு, சுமை என்று இவர்கள் தள்ளும் அந்தப் பதிவேடுதான் நல்ல ஆய்வகத்துக்குள் நுழையும் வழி.