காலை 5 மணி ஃபார்முலா நெய்வேலியில் ஏன் எடுபடுவதில்லை? ஷிஃப்ட் வாழ்க்கையில் பழக்கத்தை மாற்றுவது எப்படி?

வாழ்க்கையை மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இணையத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை, அதிகாலை 5 மணிக்கு எழுந்திருங்கள் என்பதுதான். ரீல்ஸ், பாட்காஸ்ட், சுயமுன்னேற்றப் புத்தகம் என எதைத் திறந்தாலும் இதே பல்லவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பில், ஷிஃப்ட் ஊழியர் இருக்கும் வீட்டில் இது செல்லாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் அந்த நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் என்றால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். நைட் ஷிஃப்ட் என்றால் சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ கடைசி ஒரு மணி நேரத்தைக் கண்ணைக் கசக்கி ஓட்டிக்கொண்டிருப்பார்.

இதில் எந்த 5 மணிக்கு யோகா செய்வது?

"திங்கட்கிழமையிலிருந்து கண்டிப்பா வாக்கிங்" என்று ஆரம்பித்து, ஷிஃப்ட் மாறியதும் விட்டுப்போனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. "எனக்கு மனஉறுதி பத்தலை" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதும் வழக்கம்தான். பெரும்பாலும் அது மனஉறுதிப் பிரச்சினையே இல்லை. 9 முதல் 6 வரை வேலை பார்ப்பவருக்காக எழுதிய அறிவுரையை, சுழற்சி முறையில் வேலை பார்ப்பவர் தலையில் கட்டியதால் வந்த கோளாறு.

ஊர் ஏன் தூங்குவதில்லை?

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1957-ல் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 1962-ல் மின் உற்பத்தி ஆரம்பமானது. இப்போது என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் இந்த நிறுவனத்தில் இயந்திரங்களை ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் போட முடியாது. கொதிகலனை அணைத்து மறுபடி பற்றவைப்பது அடுப்பைப் பற்றவைப்பது போல எளிதல்ல. சுரங்கத்தின் கதை இன்னும் விசேஷமானது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, அழுத்தத்தோடு நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ராப்பகலாக பம்ப் செய்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும்.

ஆக, மாறி மாறி ஷிஃப்ட் பார்ப்பது இங்கே யாரோ ஒருவருடைய விருப்பம் அல்ல. மண்ணின் அமைப்பே அப்படி. அந்த மண்ணின் சுமையை மனித உடம்பு தாங்குகிறது. தூக்கம், பசி, செரிமானம் எல்லாமே பகல் வெளிச்சத்தை வைத்து நேரம் பார்ப்பவை. இரவுப் பணியைப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடிய வாய்ப்புள்ள காரணிகளின் பட்டியலில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறு ஆய்வு செய்தபோதும் அதையே உறுதி செய்தது. சர்க்கரை நோய்க்கும் ஷிஃப்ட் வேலைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம். எனவே ஒரு ஷிஃப்ட் ஊழியர் நடைப்பயிற்சியைத் தொடங்குவதும் விடுவதும், ஸ்டேட்டஸ் வைப்பதற்கான புத்தாண்டுத் தீர்மானத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்லாத மோட்டிவேஷன் பேச்சாளர் இல்லை. இதன் வேர், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இருக்கிறது. சர்ஜரி செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆவதை அவர் கவனித்து எழுதினார். கைமாறிக் கைமாறி, 'குறைந்தது' என்ற சொல் எங்கோ உதிர்ந்துபோனது.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவும். 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்: 18 நாள் முதல் 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. 'ஒரு நாள் போச்சு, அவ்ளோதான், எல்லாம் போச்சு' என்று கைவிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம்தான் நெய்வேலிக்கு முக்கியம். பங்கேற்றவர்களிடம், புதுப் பழக்கத்தைத் தினமும் நடக்கும் ஏதாவது ஒரு சம்பவத்தோடு கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். காலை டிபன் முடிந்ததும் இது, மதியச் சாப்பாட்டோடு அது என்ற மாதிரி. கொக்கி மாட்டியது சம்பவத்தில். கடிகாரத்தில் இல்லை.

மணி மாறும், வரிசை மாறாது

ஷிஃப்ட் ஊழியரின் நாளில் மணிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் சில விஷயங்கள் எந்த ஷிஃப்டிலும் மாறுவதில்லை. தூங்கி எழுவார். குளிப்பார். கேட்டைத் தாண்டி வெளியே வருவார். வண்டியை நிறுத்துவார். சாப்பிடுவார். இவற்றில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஷிஃப்ட் மாறும்போது பழக்கமும் கூடவே நகரும். 'தினமும் காலை 6 மணிக்கு நடை' என்பது முதல் நைட் ஷிஃப்டிலேயே செத்துவிடும். 'தூங்கி எழுந்து காபி குடித்ததும், வட்டத்தை ஒரு சுற்று' என்பது மூன்று ஷிஃப்டிலும் பிழைக்கும். எழுவது காலை 4 மணியாக இருந்தாலும் சரி, மதியம் 2 மணியாக இருந்தாலும் சரி. (மே மாதம் மதியம் 2 மணிக்கு நெய்வேலி வெயிலில் யாரும் நடக்க வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கைகாலை அசைத்தால் போதும்.)

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து சொல்லிவரும் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறையும் ஏறக்குறைய இதுதான். 'உடம்பைக் குறைக்கணும்' என்பது வெறும் ஆசை. 'டீக்கடையில் நண்பர் வடையை நீட்டினால், டீ மட்டும் சொல்வேன்' என்பது திட்டம். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் இலக்கை அடைவது கணிசமாகக் கூடியிருந்தது. காரணம் எளிது: களைத்துப்போன மூளைக்கு அந்த நேரத்தில் யோசிக்கும் வேலை மிச்சம். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் மூளையைவிடக் களைத்த மூளை எங்கே இருக்கிறது?

மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், நைட் ஷிஃப்ட் நாட்களில் எந்தச் சாப்பாட்டோடு எந்த மாத்திரை என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். 'எனக்கு இந்த ஷிஃப்ட் இருக்கு' என்பதை டாக்டரிடம் சொல்லாமலே வருகிறவர்கள் உண்டு. அதைச் சொல்வதுதான் இதில் முதல் மாற்றம்.

கைக்கு எட்டுவதே பழக்கமாகும்

"ஏங்க, ஷூவை எங்கே வெச்சீங்க?"

"பரண்ல பாரும்மா."

இந்த உரையாடல் நடக்கும் வீட்டில் வாக்கிங் நடக்காது. ஷூ வாசலில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதேபோல செல்போன் சார்ஜர் படுக்கையறையில் இருக்கக் கூடாது. ஹாலில் இருந்தால் பகல் தூக்கத்துக்கு நடுவே 'சும்மா ஒரு தடவை' பார்ப்பது குறையும். நல்லதைச் செய்ய இரண்டு அடி குறைக்க வேண்டும், கெட்டதைச் செய்ய நான்கு அடி கூட்ட வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் தமிழ்நாட்டில் இதே தத்துவத்தில் ஓர் அரசுத் திட்டமே ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாத்திரையை விட்டவர்களிடம் 'பொறுப்பில்லையா' என்று கேட்பதற்குப் பதிலாக, பஸ் ஏறி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் தூரத்தைக் குறைத்தார்கள்.

மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைக்குத் தடை 2019 ஜனவரியில் வந்தது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் வந்தது. பை இல்லாத வீடு இல்லை. ஆனால் பை அலமாரியில் இருக்கும், ஆள் மெயின் பஜாரில் இருப்பார். ஒரு பையை மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் போட்டுவைத்தவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

பணமும் அப்படித்தான். பி.எஃப். பிடித்தம் போனதற்காக யாரும் மாதா மாதம் மனஉறுதியோடு போராடுவதில்லை. கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம், 'இப்போது சேமிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறோம்' என்று சம்மதம் வாங்கினார்கள். 40 மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. இன்க்ரிமென்ட் வரும் மாதத்திலேயே ஆர்.டி. தொகையை உயர்த்திவிடுகிற இளம் ஊழியர், பத்து பட்ஜெட் ஆப் வைத்திருப்பவரைவிட முன்னால் இருப்பார்.

குலைந்த நேரமே நல்ல நேரம்

2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். பல நிலையங்கள் மூடப்பட்டதால் பயணிகள் வேறு வழி தேடினார்கள். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்பதை, பயண அட்டைத் தரவுகளைப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வருடக்கணக்காகப் போய்வந்ததைவிட நல்ல வழி பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வழக்கம் குலையும் வரை தேடத் தோன்றவில்லை.

நெய்வேலியில் அப்படிக் குலையும் தருணங்கள் நிறைய. குவார்ட்டர்ஸ் மாறும்போது, வேறு யூனிட்டுக்குப் போகும்போது, பிள்ளைகள் படிக்க வெளியூர் கிளம்பும்போது. 1962-ல் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் ஒரே பாதையில் போய்வந்தவர்களின் தினசரி வரைபடமே மாறியது. ஓய்வுபெறும்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்வது எல்லாவற்றிலும் பெரிய உலுக்கல். பழைய டீக்கடையும் அதோடு ஒட்டிய சிகரெட்டும் இல்லாத புது இடத்தில், முதல் இரண்டு மூன்று வாரம் எல்லாமே களிமண் மாதிரி இளகி இருக்கும். அந்த வாரங்களில் பிடிக்கிற வழக்கம் பிறகு இறுகிவிடும். சாமான் இறக்கி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர் அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்.

இந்த உத்திகளுக்கு எல்லை உண்டு. புகையிலையை விடுவதற்கு வாசலில் ஷூ வைப்பது மாதிரியான யோசனைகள் மட்டும் போதாது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது, நிகோடின் மாற்று மருந்துகளும் இருக்கின்றன. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அது டாக்டர் துணையோடு செய்ய வேண்டியது.

தனி மனிதர் மட்டும் மாறினால் போதுமா?

டவுன்ஷிப்புக்குள் அகலமான சாலை, மரநிழல், வட்டத்துக்கு வட்டம் விளையாட இடம் என்று நடக்கத் தூண்டும் எல்லாமே இருக்கிறது. அறுபது வருடத்துக்கு முன் யாரோ திட்டமிட்டு வரைந்ததன் பலன் அது. அதே சுரங்கத்தில், அதே இரவில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அந்த நிழல் கிடையாது. மந்தாரக்குப்பத்துக்கோ சுற்றியுள்ள கிராமத்துக்கோ போய், பகலில் தகரக் கூரைக்கடியில் தூங்க வேண்டியவரிடம் 'எட்டு மணி நேரத் தூக்கம் அவசியம்' என்று சொல்வது அறிவுரை அல்ல, கேலி.

இங்கேதான் நிர்வாகங்களின் பங்கு வருகிறது. என்.எல்.சி. மட்டுமல்ல, இரவில் ஆள் வைத்து வேலை வாங்கும் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளும் இதில் அடக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை கேன்டீனில், சத்தான உணவுக்குப் பச்சை, மற்றவைக்கு மஞ்சள், சிவப்பு என அடையாளமிட்டார்கள். அடுத்ததாகத் தண்ணீர் பாட்டில்களைக் கண்ணுக்கு நேராகவும் பல இடங்களிலும் வைத்தார்கள். அப்படி இடம் மாற்றிய பிறகு தண்ணீர் விற்பனை கால்வாசிக்கு மேல் கூடியது. குளிர்பானம் 11 சதவீதம் குறைந்தது. ஒருவருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. இரவு 2 மணிக்குப் பசிக்கிறவர் முன்னால் எண்ணெய்ப் பலகாரம் மட்டும் இருந்தால் அதைத்தான் சாப்பிடுவார். சுண்டலும் மோரும் இருந்தால் சிலராவது அதை எடுப்பார்கள். ஷிஃப்ட் சுழற்சியைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கி நகர்த்தினால் உடம்பு சுலபமாக ஈடுகொடுக்கும் என்பதும் தூக்க ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. ஷிஃப்ட் பட்டியல் சில வாரம் முன்கூட்டியே கைக்கு வந்தால், ஊழியர் தன் தூக்கத்தையும் பிள்ளையின் பேரன்ட்ஸ் மீட்டிங்கையும் சேர்த்துத் திட்டமிடலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. அடுத்த மாத ஷிஃப்ட் பட்டியல் போடும்போதே தொடங்கலாம், ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்களையும் அதில் சேர்த்து.